விழிஞ்ஞத்து இரைச்சலில் ஒரு ஹெட்போன்

சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 ஹெட்போனைச் சோதிக்கக் கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தைவிடக் கடுமையான இடம் கிடைக்காது. வள்ளங்கள் கரை சேரும் காலை நேரத்தில், துறைமுகத்தை ஒட்டிய வாடகை அறையில் அதை மாட்டிக்கொண்டு மென்பொருள் கையேடு ஒன்றை எழுதினேன்.

பொத்தானை அழுத்தியதும் அவுட்போர்டு என்ஜின்களின் உறுமல் போய்விட்டது. மின்விசிறியும் ஜெனரேட்டரும் அடங்கின. 8 மைக்குகள் வெளிச்சத்தத்தை வாங்க, அதற்கு நேர் எதிரான அலை காதுக்குள் எழுகிறது. சீராக ஓடும் தாழ்ந்த ஒலிகளிடம் இந்த வித்தை அபாரமாகப் பலிக்கிறது. 1978-ல் போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன் யோசனை பிறந்ததும் விமானத்தில், என்ஜின் சத்தத்துக்கு நடுவில்தான்.

மீன் ஏலம் மட்டும் கேட்கிறது. கூவுகிறவரின் குரல் கணத்துக்குக் கணம் மாறுவதால் எதிரலைக்கு முழுதாகப் பிடிபடுவதில்லை. எழுத்து வேலையைக் கெடுப்பதும் பேச்சுதான். 1976-ல் கோல், வெல்ஷ் என்ற ஆய்வாளர்கள், ஜெர்மன் தெரியாதவர்களை எழுத்து வரிசைகளை மனத்தில் இருத்தச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஜெர்மன் வாசிப்பை ஒலிக்கவிட்டார்கள். புரியாத பேச்சே நினைவைக் குலைத்தது. எனக்கோ ஏலத்து மலையாளம் பாதி புரியும். வாக்கியத்தின் நடுவில் நெய்மீன் விலை நுழைந்துவிடுகிறது.

இதற்கு வழி உண்டு. இரைச்சல் நீக்கத்தோடு மழைச்சத்தப் பதிவு ஒன்றைத் தாழ்வாக ஓடவிட்டால் குரல்கள் அதில் கரைகின்றன. பாட்டு வேண்டாம், பாட்டு வரிகளும் பேச்சுதானே.

ஒரே நேரத்தில் இரு கருவிகளோடு இணையும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கைபேசி மணி நேராகக் காதுக்குள் அடிக்கும். மடிக்கணினியோடு மட்டும் இணைத்து, கைபேசியை அடுத்த அறையில் வைப்பதே நல்லது. எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பவர்கள், பேசினால் ஒலியை நிறுத்திவிடும் வசதியையும் அணைக்க வேண்டும்.

எடை 250 கிராம். இரைச்சல் நீக்கத்தோடு 30 மணி நேரம் ஓடும். நீர்த்தடுப்புத் தரச்சான்று இல்லாததால் இந்த உப்புக்காற்றில் காதுமெத்தையை அடிக்கடி துடைக்க வேண்டும். மீன் லாரிகள் ஓடும் துறைமுகச் சாலையில் இறங்கும்போது கழற்றிவிடுங்கள்.

விலை இருபதாயிரத்தைத் தாண்டும். என்ஜினும் ஏசியும் தொந்தரவு செய்கிறவர்களுக்கு அது தகும். மனிதக் குரல்தான் சிக்கல் என்றால், கடையில் பாட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூட வந்தவரைப் பக்கத்தில் நின்று பேசச் சொல்லிவிட்டு, ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள்.