ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் ஊரும் குடியும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஒரு பத்தியிற் பாராட்டிவிட்டு மேற்செல்வர். வரலாற்றாசிரியரோ அதனைத் துய்ப்ளெக்சு என்னும் பிரெஞ்சு ஆளுநரின் போர்களுக்கும் சூழ்ச்சிகளுக்கும் உரிய சான்றுக் களஞ்சியமாகக் கொள்வர். இவ்விரு நோக்கினும் விடுபட்டுப் போவது ஒன்றுண்டு. அதுவே புதுவை என்னும் ஊர். இருபத்து நான்கு ஆண்டுக் காலம் ஒரு நகரின் பிறப்பும் இறப்பும், திருமணமும் வழக்கும், கப்பலும் சந்தையும், கோயிலும் குலப்பூசலும் நாள்தோறும் எழுதி வைக்கப்பெற்ற நூல் பழந்தமிழில் வேறில்லை எனலாம். அந்நூலை ஊர்ச்செய்தி நூலாகவும் குடிவழி நூலாகவும் கொண்டு ஆராய்ந்து, அதன் சான்றாண்மை எத்தகையது என்று மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் பதிப்பும்

1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்த பிள்ளை, 1736-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் இக்குறிப்பைத் தொடங்கினார். 1761-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் உயிர்நீத்தார். நான்கு நாள் கழித்துப் புதுவை ஆங்கிலேயர் கைப்பட்டது. ஏடுகள் நெடுங்காலம் வீட்டிற் கிடந்தன. 1846-ஆம் ஆண்டில் கலுவா மொம்பிரேன் என்பார் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். ஆரியேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் எடுத்த படி பாரிசு நகரத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சூலியன் வின்சோன் 1894-இல் சில பகுதிகளைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். சென்னை அரசினர் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழ் மூலமோ 1948-ஆம் ஆண்டிலேதான் ஞானு தியாகு அவர்களின் முயற்சியால் புதுவையில் அச்சேறத் தொடங்கிற்று. பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்த தமிழ்ப் பதிப்பு 2019-இல் மு. இராசேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோரால் வெளிவந்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். மூலம் வெளிவருமுன்னரே மொழிபெயர்ப்பு நிலைபெற்றுவிட்டது. ஆதலின் ஆராய்ச்சியாளர் பலரும் ஆங்கிலத்தில் இந்நூலைக் கற்று, ஆங்கிலத்திலேயே அதனை மதிப்பிட்டனர். அம்மொழிபெயர்ப்பின் முன்னுரைகளும் அடிக்குறிப்புகளும் ஆட்சி வரலாற்றையே பெரிதும் நாடுவன. ஊர்ச்செய்தி ‘சிறு செய்தி’ என ஒதுங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

நாட்குறிப்பும் நாட்கணக்கும்

பிள்ளையைச் சாமுவேல் பெப்பீசு என்னும் ஆங்கிலேயரோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வொப்புமை பெருமை தருவதாயினும் பொருத்தமுடையதன்று. பெப்பீசு 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் எழுதினார். தம் மனத்தின் மறைவுகளையும் தம் இழுக்குகளையும் அதிற் பதிந்தார். பிள்ளையின் ஏட்டில் அத்தகைய அகம் அரிதாகவே வெளிப்படும். அவர் வணிகர், துபாசி. வணிகர் இல்லத்தில் நாள்தோறும் எழுதப்படுவது நாட்கணக்கு. தேதி முதலில் வரும்; வந்தவர் யார், கொணர்ந்தது என்ன, கொடுத்தது எவ்வளவு, சொல்லியது யாது என்பன அடுத்து வரும். பிள்ளையின் குறிப்பும் இம்முறையிலேயே அமைந்துள்ளது. தமிழாண்டும் திங்களும் நாளும் ஐரோப்பியத் தேதியோடு உடன் வைக்கப்படும். கண்டதும் கேட்டதும், கப்பல்களின் வரவும் போக்கும், வியக்கத்தக்க நிகழ்ச்சியும் எழுதப்படும் என்று தொடக்கத்திலேயே அவர் தம் எல்லையை வகுத்துக்கொள்கிறார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. தன்னை வெளிப்படுத்தும் நூலாகக் கொண்டால் இது குறையுடையதாகத் தோன்றும். கணக்கு நூலாகக் கொண்டால் இதன் வலிமை விளங்கும். கணக்கெழுதுவோன் தன் பகைவன் கொடுத்த பணத்தையும் வரவில் வைக்கவேண்டும். வையாதொழிந்தால் கணக்கு நேராகாது. பிள்ளை தமக்கு ஒவ்வாதார் கூற்றையும் எழுதி வைத்தமைக்கு இப்பழக்கமே அடிப்படையாகும்.

குடிவழியும் அதன் நிழலும்

பிள்ளையின் குடிவரலாற்றை அறியாது இந்நூலைப் படிப்பவர் பாதியே படித்தவராவர். அவர் தந்தை திருவேங்கடம் பிள்ளை. தந்தையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசியாக இருந்தவர். 1716-ஆம் ஆண்டில் நைனியப்பர் சிறைப்பட்டார். கசையடியும் பொருட்பறிப்பும் தண்டமாகப் பெற்று, 1717-இல் சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று முறையிட்டார். அங்கே கிறித்தவராகித் திருமுழுக்குப் பெற்றார். செவாலியே பட்டமும் எய்தினார். தந்தைமேற் சுமத்திய தீர்ப்பும் நீக்கப்பட்டது. புதுவைக்கு மீண்ட குருவப்பர் துபாசிப் பதவியேற்று 1724-இல் இறந்தார். அதன்பின் அப்பதவி கிறித்தவ வேளாளர் குடியைச் சேர்ந்த கனகராய முதலிக்குச் சென்றது. அவர் 1746-ஆம் ஆண்டு இறக்குமளவும் அதிலிருந்தார். அவருக்குப் பின்னரே அது பிள்ளையிடம் வந்தது.

ஆகவே இரு குடிகள் ஒரு பதவியின்பொருட்டு மூன்று தலைமுறையாக எதிர்நின்றன. நாட்குறிப்பின் முதற் பத்தாண்டு இப்போட்டியின் நிழலிலேயே எழுதப்பட்டதாகும். கனகராய முதலியைப் பற்றியும் துய்ப்ளெக்சின் மனைவியைப் பற்றியும் பாதிரிமாரைப் பற்றியும் பிள்ளை எழுதுவனவற்றை நடுவுநிலைச் சான்றாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறியாகாது. நைனியப்பர் வழக்கைப் பிரெஞ்சு ஆவணங்களின் துணைகொண்டு விரிவாக ஆராய்ந்து தனா அக்மோன் 2017-இல் வெளியிட்ட நூல், துபாசிப் பதவியும் உறவும் சமயமும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதைத் தெளிவாக்கியுள்ளது. அப்பின்னலின் தமிழ்ப் பக்கமே நாட்குறிப்பு.

குடிவழி எழுதுவதற்குப் பிள்ளையின் காலத்திலே வேறொரு முறையும் இருந்தது. சீனிவாச கவி 1752-இல் இயற்றிய ஆனந்தரங்க விசய சம்பு என்னும் வடமொழி நூலை வே. இராகவன் 1948-இல் பதிப்பித்தார். பிள்ளையின் முன்னோர் வரிசையை அது புகழ்ச்சியோடு கூறுகின்றது. தமிழில் தியாகராச தேசிகர் இயற்றிய ஆனந்தரங்கன் கோவையும், தெலுங்கில் கத்தூரிரங்க கவி இயற்றிய நூலும் அவர் புகழையே பாடுவன. மூன்று மொழிப் புலவரும் கொடைக்கு ஈடாகக் குலப்பெருமை வழங்கினர். நாட்குறிப்போ அக்குலத்தை வேறு வகையிற் காட்டுகின்றது. சம்புவில் முன்னோர் வழி ஏணிபோல் மேலேறுகின்றது. நாட்குறிப்பில் உறவு வலைபோற் பரந்து கிடக்கின்றது. யார் யாருக்குப் பெண் கொடுத்தார், யார் யாருக்குக் கடன்பட்டார், யார் வீட்டுத் துயருக்கு யார் சென்றார் என்பனவே அங்குக் குடிவரலாறாகும். புகழ்நூலையும் நாட்குறிப்பையும் எதிரெதிர் வைத்துக் கற்பாரே பதினெட்டாம் நூற்றாண்டின் குடி என்னும் கருத்தை முழுமையாக அறிவர்.

ஊர்ச்செய்தி மூன்று

முதலாவது, 1745-ஆம் ஆண்டு ஒழுகரையில் நிகழ்ந்த விழா. இறந்துபோன தம் மகன் நினைவாகக் கனகராய முதலி அங்கொரு தேவாலயம் எடுப்பித்தார். நகரின் பல சாதியாரையும் அழைத்து, அவரவர் வழக்கத்திற்கேற்பத் தனித்தனியே உணவுக்கு ஏற்பாடு செய்தார். ஆளுநரும் மனைவியும் வந்திருந்தனர். பிள்ளை இவற்றையெல்லாம் நிரல்பட எழுதிவிட்டு, கிறித்தவ விழாவில் இந்துக்களின் முறை கைக்கொள்ளப்பட்டது பற்றித் தம் குறையையும் சேர்த்துரைக்கின்றார். குறை கூறும் நோக்கம் வெளிப்படை. ஆயினும் அக்காலப் புதுவையில் ஒரு விருந்து எவ்வாறு நடந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. கோயில் எடுத்த செய்தியைக் கல் கூறும். பந்தி அமைந்த முறையை நாட்குறிப்பே கூறும்.

இரண்டாவது, அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சம்பா கோயிலில் எழுந்த பூசல். சம்பா கோயில் என்பது சான் பாவுலு என்னும் போர்த்துக்கேசியப் பெயரின் மரூஉ. அத்தேவாலயத்தினுள்ளே பறையர் குலக் கிறித்தவரை ஏனையோரிடமிருந்து பிரித்து ஒரு சுவர் நின்றது. தாமும் குருவின் மாணாக்கரே எனின், தம்மைத் தனியே நிறுத்துதல் முறையாகுமா என்று அம்மக்கள் பாதிரியாரிடம் சென்று வினவினர். சுவர் இடிக்கப்பட்டது. மேற்சாதிக் கிறித்தவர் சினந்தெழுந்தனர். பிள்ளைக்கு அம்மக்கள்பாற் பரிவிருந்ததென்று கூற இடமில்லை. கிறித்தவரிடையே எழுந்த பிளவைக் காண்பதில் அவருக்கு மகிழ்ச்சியே இருந்திருக்கலாம். எனினும் அவர்கள் வினாவை அவர் விடாது எழுதினார். தம் கையால் எழுதிவைக்க வாய்ப்பற்றிருந்த மக்களின் வழக்குரை, அவர்களை மதியாத ஒருவரின் ஏட்டிலே நமக்குக் கிடைத்துள்ளது.

மூன்றாவது, கனகராய முதலி இறந்தபின் அவர் கைம்பெண்ணுக்கும் உடன்பிறந்தாருக்கும் இடையே சொத்துரிமை பற்றி எழுந்த வழக்கு. குடும்பம் கிறித்தவக் குடும்பம். ஆட்சி பிரெஞ்சு ஆட்சி. ஆயினும் ஊரின் சாதித் தலைவரைக் கூட்டி அவர் கருத்தைக் கேட்டனர். அவருள் பிள்ளையும் ஒருவர். சமயம் மாறியும் வழக்கு மாறாதிருந்தமையை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. தமிழர் வழக்காற்றுச் சட்டத்தை ஆராய்வார் இப்பகுதியைத் தவறாது நோக்கவேண்டும்.

இவற்றோடு 1743-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும். சிற்றூர் மக்களை ஏமாற்றிக் கொணர்ந்து, அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்ற முயன்ற கொடுமை அதிற் பதிவாகியுள்ளது. துறைமுக நகரின் செல்வம் எவ்வகையிலெல்லாம் ஈட்டப்பட்டது என்பதற்கு அது மறுக்கவொண்ணாச் சான்று.

மௌனத்தின் மதிப்பு

நாட்குறிப்பு சொல்வதைப் போலவே சொல்லாததும் ஆராய்தற்குரியது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டிருந்த காலத்தில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்நாட்களைப் பற்றிய பிள்ளையின் குறிப்பு துயர் மிக்கது. துய்ப்ளெக்சின் மனைவியையும் பாதிரிமாரையும் அவர் கடிந்துரைக்கின்றார். ஆனால் தலைமைத் துபாசியாக இருந்த தாம் தடுக்க இயலாமற் போனது எதனால் என்னும் வினாவிற்கு நேர்விடை அங்கில்லை. பிறரைக் குறைகூறும் வரிகளின் மிகுதியே அவ்விடையைக் குறிப்பாக உணர்த்துகின்றது. பதவி அவருக்குச் செல்வமும் சிறப்பும் அளித்தது. ஆளுநரின் முடிவை எதிர்க்கும் வலிமையை அளிக்கவில்லை. மைத்துன முறைப் பெரியவர் சிறையில் மாண்ட கதையைச் சிறுவயதிலேயே அறிந்திருந்த ஒருவரின் மௌனம் இது. இதனை அச்சம் என்று மட்டும் கூறி முடித்தல் போதாது. துபாசி என்னும் நிலையின் எல்லை என்பதே பொருந்தும்.

இல்லப் பெண்டிரைப் பற்றியும் உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வைப் பற்றியும் குறிப்புகள் குறைவு. வழக்கோ தண்டனையோ நேர்ந்தவிடத்தே அவர்கள் தோன்றி மறைவர். ஊர் முழுவதும் இந்நூலில் உள்ளதென்பது மிகையாகும். துபாசியின் திண்ணையிலிருந்து தெரிந்த ஊரே இதிலுள்ளது.

நடை

இந்நூலின் நடையைக் ‘கொச்சை’ என்று ஒதுக்கியோர் உளர். கும்பினி, கோன்சேல், குவர்னதோர், முசே எனப் பிறமொழிச் சொற்கள் மலிந்திருப்பது உண்மையே. ஆயினும் அச்சொற்கள் புலமை காட்டக் கொணரப்பட்டன அல்ல. அவை கடற்கரை நகரின் அன்றாட வழக்கு. உரையாசிரியர் மரபின் உரைநடையும், பாதிரிமார் வளர்த்த உரைநடையும் அன்றி, மூன்றாவதாக வணிகர் வளர்த்த உரைநடை ஒன்று தமிழில் இருந்ததை இந்நூல் மெய்ப்பிக்கின்றது. உரையாடலை உள்ளவாறே பதிவதில் இது தனிச்சிறப்புடையது. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் புதினங்களுக்கு இந்நூலைக் களமாகக் கொண்டது தற்செயலன்று. அவற்றுள் பின்னது 1995-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான் மூன்று முடிபுகள் பெறப்படும். நாட்குறிப்பின் தோற்றுவாய் வணிகரின் நாட்கணக்கே என்பது ஒன்று. குடிப்பகை அதன் தீர்ப்புகளைத் திரித்துள்ளதேனும் அதன் பதிவுகளை அழித்துவிடவில்லை என்பது மற்றொன்று. ஊர்ச்செய்தி என ஒதுக்கப்பட்ட பகுதியே அதன் உயிர்நிலை என்பது இறுதியாகும்.

இனிச் செய்யவேண்டிய பணிகள் பல. மூலத்தின் படிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்த பதிப்பு வேண்டும். நூலில் வரும் மக்கட்பெயர், குடித்தொடர்பு, தெருப்பெயர் ஆகியவற்றிற்கு அகரவரிசை வேண்டும். சொல்லடைவு ஒன்று தனியே வேண்டும். பிள்ளையின் மரபினர் எழுதிய தொடர்ச்சியும், இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் இதனோடு ஒருங்கு வைத்து ஆராயப்படவேண்டும். வீராநாயக்கரின் ஏடு மற்றொரு குடியின் கண்கொண்டு அதே ஊரை நோக்குவது. ஒரு குடியின் ஏட்டைக்கொண்டு மட்டும் ஊரின் வரலாற்றை முடிவு செய்யாது, இரண்டையும் பக்கத்தே வைத்துக் கற்கும் நாளிலேதான் புதுவையின் பதினெட்டாம் நூற்றாண்டு நமக்கு நேர்ப்படும். அப்பணி தமிழ்த்துறையினரின் பணியே. மொழிபெயர்ப்பின் துணையால் அது நிறைவேறாது.