கேட்டு எழுதிய நூல்

சீகன்பால்கு ஐயர் 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் ஜெர்மன் மொழியில் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவரிசை நூல், 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சேறியது. ஏட்டுச்சுவடிகளோடு நில்லாது, தமிழரிடம் வினாக்களை விடுத்துப் பெற்ற மறுமொழிக் கடிதங்களையும் அவர்தம் கூற்றாகவே எடுத்தாண்டமை இந்நூலின் சிறப்பு. ‘அஞ்ஞானம்’ என்னும் தீர்ப்பை ஆசிரியர் முன்னரே வகுத்துக்கொண்டமை இதன் குறை. ஆயினும், நம்பிக்கையாளரையே பேச விட்டபடியால், அத்தீர்ப்பை ஆராயும் உரிமை வாசகர்க்குக் கிடைக்கிறது. 1712 முதல் 1714 வரை பெற்ற அக்கடிதங்களில் கிறிஸ்தவரின் ஒழுக்கக்கேட்டைச் சுட்டுவனவும் உள. வினவச் சென்றவரே வினவப்பட்டார் என்பது இதனால் விளங்கும். பிற சமயங்களை நூலகத்தில் மட்டும் பயிலும் நம் இறையியல் மாணவர்க்கு இவ்வனுபவம் வாய்ப்பதில்லை. அண்டை வீட்டாரிடம் பணிவோடு கேட்டறிதலும் திருப்பணிப் பயிற்சியே அன்றோ?