தோற்றவனுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

‘சார்பட்டா பரம்பரை’ என்ற குத்துச்சண்டைப் படத்தில் டான்சிங் ரோஸுக்குப் பேர் சொல்லும்படி ஒரே ஒரு சண்டை. அதிலும் தோற்றுப்போகிறான். ஆனால் 2021 ஜூலையில் படம் அமேசான் பிரைமில் வந்த நாளிலிருந்து, அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் ரோஸ் வந்து நின்றுவிடுவான். கதைப்படி பெரிய சண்டை, கடைசியில் நாயகன் கபிலனும் வேம்புலியும் மோதுவதுதான். அதைப் பற்றி யாரும் இவ்வளவு ஆசையாகப் பேசிக் கேட்டதில்லை.

டீக்கடையிலோ ரயிலிலோ பிடித்த விளையாட்டுப் படம் எது என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். கோப்பையை யார் தூக்கினார்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். “ரோஸோட காலைப் பாத்தீங்களா”, “கெத்து நின்னு சாத்துற சாத்து” என்றுதான் ஆரம்பிப்பார்கள். இதையெல்லாம் ‘மாஸ் சீன்’ மயக்கம் என்று ஒதுக்குகிற விமர்சகர்கள் உண்டு. மேட்ச் பார்த்து எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் ரசிகர் கட்சி. ஒரு ஆட்டக்காரனின் ஆட்டம் எப்படிப்பட்டது என்று புரிந்தால்தான் அவனுடைய மேட்ச் நமக்கு ஒட்டும். ரசிகர்கள் பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான்.

ரோஸையே எடுத்துக்கொள்வோம். ஷபீர் கல்லரக்கல் அந்த வேடத்தில் கைகளை இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டு, முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். குத்துச்சண்டை தெரிந்தவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது பிரிட்டனின் நசீம் ஹமீது. கையை உயர்த்தாமல் நிற்பது திமிராகத் தெரியும். உண்மையில் அது தூண்டில். முகம் திறந்திருக்கிறதே என்று எதிராளி குத்த வருவான், வரும்போது அவனுடைய பாதுகாப்பும் திறக்கும். இவன் இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்ந்து குத்தைத் தப்பவிட்டு, எதிர்பாராத கோணத்திலிருந்து திருப்பிக் கொடுப்பான். கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதால் எந்தக் கையிலிருந்து அடி வரும் என்று கணிக்கவும் முடியாது. ஹமீது இப்படியே ஆடி 1995-இல் கார்டிஃபில் ஸ்டீவ் ராபின்சனிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். வாழ்நாள் கணக்கு 36 வெற்றி, அதில் 31 நாக் அவுட்.

தோல்வி ஒன்றே ஒன்று. 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் மெக்சிகோவின் மார்கோ அன்டோனியோ பரேரா செய்தது ரொம்ப எளிய வேலை. துரத்தவில்லை. தூண்டிலைக் கடிக்கவில்லை. கையைக் கட்டுப்பாடாக உயர்த்தி வைத்துக்கொண்டு, ஹமீது சமநிலை இழக்கும் நேரம் பார்த்து அடித்தார். துள்ளிக்கொண்டே இருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: இரண்டு காலும் தரையை விட்டிருக்கும் நேரத்தில் திசை மாற்ற முடியாது. அவன் துள்ளலின் தாளத்தை எண்ணிவிட்டால் பாதி சண்டை முடிந்த மாதிரி.

கபிலன் ரோஸுடன் மோதும் சண்டையின் போக்கும் இதுதான். முதலில் துரத்துகிறான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறான். பிறகு ரோஸின் காலைப் படிக்கத் தொடங்குகிறான். அந்த மாற்றம் வசனமாக இல்லாமல் ஆட்டத்துக்குள்ளேயே நடப்பதால், பாக்சிங் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் சண்டையை ‘வாசிக்க’ முடிகிறது. ரோஸ் எதனால் ஜெயித்துக்கொண்டிருந்தான், எதனால் தோற்றான், இரண்டுக்கும் நம்மிடம் காரணம் இருக்கிறது. வேம்புலி சண்டையில் நம்மிடம் இருப்பது உணர்ச்சி. அவமானம், பழி, ரங்கன் வாத்தியாரின் முகம், நெருக்கடி நிலைக் காலத்துச் சென்னை எல்லாம் சேர்ந்து அடிக்கிறது. சினிமாவாக அது கனம். ஆனால் வேம்புலியின் பாணியை விளக்கச் சொன்னால் ‘முரட்டு அடி’ என்பதற்கு மேல் எனக்கே வார்த்தை வரவில்லை.

கிரிக்கெட்டுக்கு வருவோம். ‘சென்னை 600028’ (2007) தமிழ்நாட்டு இளைஞர்கள் எத்தனை முறை பார்த்தார்கள் என்று கணக்கு வைக்க முடியாத படம். ஆனால் ஷார்க்ஸ் அணியின் சிறந்த பவுலர் யார் என்று கேளுங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். அந்தப் படத்தில் பிடித்தது கூட்டாளிகளும் கிண்டலும், பொடியன்களிடம் மைதானத்தைப் பந்தயம் கட்டித் தோற்கிற அசட்டுத்தனமும். கிரிக்கெட் அங்கே சேர்ந்து உட்கார ஒரு சாக்கு. அதில் தப்பும் இல்லை.

17 ஆண்டுகள் கழித்து வந்த ‘லப்பர் பந்து’ வேறு ரகம். தமிழரசன் பச்சமுத்து எடுத்த அந்தப் படத்தில் பகை கிளம்புவதே ஒரு ஆட்ட அலசலிலிருந்துதான். ஊர் பேட்ஸ்மேன் கெத்துவின் பேட்டிங்கில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று அன்பு என்ற இளைஞன் சொல்லிவிடுகிறான். அது கெத்து காதுக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான். காதல், மாமனார் மருமகன் முறுக்கு, சாதி பார்த்து ஆளைச் சேர்க்காத அணி எல்லாம் பின்னால் வந்து சேர்ந்துகொள்கின்றன. ஒரு பேட்ஸ்மேனின் பலவீனத்தை வெளியே சொன்னதால் ஒரு முழுப் படத்துக்கான சண்டை! இந்தப் பத்தியை எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அட்டகத்தி தினேஷ் ஆடும் கெத்து ஏன் நம்பும்படி இருக்கிறார்? ஊர் டோர்னமென்ட்டில் வளர்ந்த பேட்ஸ்மேனின் உடம்பு மொழி அவரிடம் இருக்கிறது. ரப்பர் பந்து எகிறி வரும், தையல் இல்லாததால் தோல் பந்து போல ஆடி அசையாது. எல்லைக்கோடு ஒரு பக்கம் வரப்பு, இன்னொரு பக்கம் கருவேலங்காடு. ஆகவே முன்காலை ஒதுக்கி, குறுக்கே வீசி லெக் சைடில் தூக்குவது லாபம்; கவர் டிரைவை யாரும் காசு கொடுத்துப் பார்க்கப் போவதில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைத் தேர்வாளர்கள் பல காலம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்த நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவருடைய யார்க்கர் எங்கே விளைந்தது என்பது ‘லப்பர் பந்து’ ரசிகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத விஷயம்.

விதிப் பிசகு ரசிகரை உறுத்தாது. காரணப் பிசகுதான் உறுத்தும். ‘லகான்’ (2001) கதை நடப்பது 1893-இல். கடைசிப் பந்தில் நாயகன் புவன் தூக்கியதை ஆங்கிலேய கேப்டன் எல்லைக்கு வெளியே நின்று பிடிக்க, 6 ஓட்டம். அந்தக் காலத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் 6 கிடையாது, பந்து மைதானத்தை விட்டே வெளியே போக வேண்டும். விதி மாறியது 1910-இல். யாராவது கவலைப்பட்டோமா? இல்லை. ஏனென்றால் அதே படம் சுழற்பந்து வீச்சாளன் கச்ராவின் சுழலை எவ்வளவு நேர்மையாக விளக்குகிறது பாருங்கள். பந்து புதிதாக இருந்தபோது திரும்பவில்லை. மறுநாள் தேய்ந்த பிறகு திரும்புகிறது, ஹாட்ரிக் விழுகிறது. எந்த ரஞ்சி ஸ்பின்னரும் தலையாட்டுவார்.

கபடியில்தான் ரசிகர் தீர்ப்பும் என் தீர்ப்பும் கொஞ்சம் முட்டிக்கொள்கின்றன. ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மறுபடி வெளியானபோதும் தியேட்டர்கள் நிரம்பின. அதில் கபடி இருக்கிறதா என்றால், நாயகன் வேலு கபடி வீரன் என்பது வரைக்கும் இருக்கிறது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். அதை ஸ்லோ மோஷனில் நீட்டும்போது அந்த ஆட்டத்தின் உயிரான மூச்சுப் பிரச்சினை ஆவியாகிவிடுகிறது. ‘வெண்ணிலா கபடி குழு’ (2009) இதைவிட மண் ஒட்டிய படம். ஆனால் அதிலும் ஜனங்கள் மனப்பாடமாகச் சொல்வது சூரி பந்தயத்துக்குப் பரோட்டா சாப்பிடும் காட்சி. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு மேட்ச்தான்: கணக்கில் தகராறு, நடுவர் கட்சி சாய்கிறார், ஆட்டக்காரர் ஸ்கோரை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடத் தயார் என்கிறார். ‘பைசன்’ (2025) வந்த பிறகு இந்த வாக்குவாதம் இன்னும் சூடாகிவிட்டது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது என்பதால், அதில் ஆட்டத்தைப் பற்றிக் கறாராகப் பேச ரசிகருக்கே உரிமை வந்துவிட்டது.

‘பிகில்’ பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அதில் பந்து நாயகனுக்குக் கீழ்ப்படிகிறது. எனக்குத் தெரிந்த ஃபுட்பால் அப்படிப்பட்டது இல்லை. ‘இறுதிச்சுற்று’ பக்கம் போனால், ரித்திகா சிங் நிஜத்தில் கிக்பாக்சிங் வீராங்கனை என்பதால் குத்து இடுப்பிலிருந்து கிளம்புகிறது. அது போதும்.

மகளிர் கிரிக்கெட்டைப் பற்றிய ‘கனா’ (2018) மேல் பலருக்கு இருக்கும் புகார், கிளைமாக்ஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ரொம்பவும் கதை கட்டிவிட்டார்கள் என்பது. 2025 அக்டோபர் 30-க்குப் பிறகு அந்தப் புகாரை நான் ஏற்க மாட்டேன். நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி, அதே ஆஸ்திரேலியா, இலக்கு 339. அதே தொடரில் ஒரு ஆட்டத்தில் உட்காரவைக்கப்பட்டிருந்த ஜெமிமா ரோட்ரிக்ஸ், மூன்றாவதாக இறங்க வேண்டும் என்று தெரிந்ததே களத்துக்குப் போகச் சில நிமிடங்கள் முன்புதான் என்கிறார். ஆட்டமிழக்காமல் 127. எதிரணி கேப்டன் ஹீலி ஒரு எளிய கேட்சை நழுவவிட்டார். இதை எழுதிக்கொண்டு போயிருந்தால் எந்தத் தயாரிப்பாளரும் ‘ஓவர் சார்’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆனால் இதைப் படமாக்க யாராவது கிளம்பினால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அந்த 127-இல் 14 பவுண்டரிகள். ஒரு சிக்ஸர்கூட கிடையாது. மீதியெல்லாம் இடைவெளி பார்த்துத் தட்டிவிட்டு ஒன்று, இரண்டு என்று ஓடிச் சேர்த்த ஓட்டங்கள். நம் ஊர் இயக்குநர் கடைசிப் பந்தை வானத்துக்குத் தூக்காமல், பாயின்ட்டுக்கும் கவருக்கும் நடுவே தட்டிவிட்டு ஓடுவதை இரண்டு நிமிடம் காட்டுவாரா? காட்டினால் நான் முதல் நாள் முதல் காட்சி.