முகமூடியும் முகமும்

"படக்கதைதானே! சிறுவர் புரட்டிப் பார்த்துவிட்டு மூலையில் எறியும் தாள்! அதற்கு ஒரு திறனாய்வா?" என்று உதட்டைப் பிதுக்குவோர் உளர். பிதுக்கட்டும். காவியத்தில் கருத்தைச் செலுத்துவோர் செலுத்தட்டும். கல்வெட்டைத் துருவுவோர் துருவட்டும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது சில்லறைக் காசுக்கு விற்ற கதை ஏட்டை. ஏனெனில், 'வெறும் தாள்' என்று இகழப்பட்ட அந்த ஏட்டைக் கண்டு ஒரு வல்லரசின் நாடாளுமன்றமே ஒரு காலத்தில் கலங்கிற்று! ஒன்றுக்கும் உதவாத பொருளை வைத்த அறைக்கு எவரேனும் பூட்டுப் போடுவாரா?

அந்தப் பூட்டின் கதையையும், பூட்டுத் திறந்தபின் வெளியே வந்த சிலரின் கதையையும் ஆராய்வதே நம் நோக்கம். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், இவர்களைத் தன்பால் விழைவோர் என்று குறிப்பிடுவோம். இவர்கள் படக்கதைக்குள் எப்படி வந்தனர்? வந்தவர்களுள் யார் உயிருள்ள மாந்தர்? யார் வெறும் பெயர்ப்பலகை? இதுவே கேள்வி.

1954-ஆம் ஆண்டு. அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று, இளைஞர் குற்றம் பெருகுவதற்குப் படக்கதைகள் காரணமா என்று ஆராய நியூயார்க் நகரில் கூடியது. சாட்சி கூற வந்தவர்களுள் முதன்மையானவர் பிரெடரிக் வெர்தம் என்ற மனநோய் மருத்துவர். அவ்வாண்டு அவர் வெளியிட்ட நூலில், பேட்மேனும் அவன் துணைவன் ராபினும் ஒரே மாளிகையில் வாழ்வது, தன்பால் விழையும் ஆடவர் இருவரின் கனவு வாழ்வுபோல் இருக்கிறது என்று குற்றம் சாட்டியிருந்தார். முகமூடி அணிந்து திருடரைப் பிடிக்கும் வீரனுக்குள்ளே அவர் கண்ட 'தீமை' அது!

பதிப்பாளர்கள் பதறினர். அரசு சட்டம் இயற்றுமுன் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்துக்கொண்டனர். விதிக்கு உட்பட்ட ஏட்டின் அட்டையில் ஒரு முத்திரை. முத்திரை இல்லாத ஏட்டை விற்க விநியோகத்தார் தயங்கினர். அந்த விதியில், 'பாலியல் பிறழ்ச்சி' என்று அவர்கள் பெயரிட்டதைக் காட்டுவது மட்டுமன்று, குறிப்பால் உணர்த்துவதும் குற்றமாக்கப்பட்டது. 1989-இல் விதி திருத்தப்படும் வரையில், முப்பத்தைந்து ஆண்டுகள், முத்திரை பெற்ற ஏடுகளில் ஓர் ஆண் இன்னோர் ஆணைக் காதலிக்க முடியாது. வேற்றுக் கோளிலிருந்து மனிதன் பறந்து வரலாம், மலையைப் பெயர்க்கலாம், இறந்தவன் எழுந்து வரலாம். இது மட்டும் ஆகாது!

வெர்தம் கொடியவரா? அல்லர். இதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். 1946-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு மாதா கோயிலின் நிலவறையில், கருப்பின மக்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் மனநல மருத்துவம் செய்யும் நிலையத்தைத் தொடங்கியவர் அவர். வெள்ளைக் குழந்தைக்கு ஒரு பள்ளி, கருப்புக் குழந்தைக்கு ஒரு பள்ளி என்று பிரிப்பது பிஞ்சு உள்ளத்தைப் புண்ணாக்கும் என்று டெலவேர் மாநில வழக்கில் சாட்சி சொன்னவரும் அவரே. நிறத்தால் வந்த இழிவைக் கண்டு கண்கலங்கிய அந்த நல்லவர், விழைவால் வந்த இழிவை இழிவென்றே அறியவில்லை. அதை வளர்க்கவும் துணை நின்றார். அவருடைய ஆய்வுக் குறிப்புகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த கரோல் டில்லி என்ற அறிஞர், வெர்தம் தம் முடிவுக்கு ஏற்பச் சான்றுகளை வெட்டியும் ஒட்டியும் திரித்தும் எழுதியிருந்ததை 2012-இல் வெளிப்படுத்தினார். ஒரு மூடநம்பிக்கையை எதிர்ப்பவர் எல்லா மூடநம்பிக்கைகளிலிருந்தும் விடுபட்டவராகிவிடுவதில்லை. சீர்திருத்தம் பேசுவோர் மறக்கலாகாத பாடம் இது.

பூட்டுத் திறந்தது. பின் என்ன நடந்தது?

1992-இல், மார்வெல் நிறுவனத்தின் 'ஆல்பா பிளைட்' ஏட்டில், நார்த்ஸ்டார் என்ற வீரன், 'நான் ஆணை விரும்புபவன்' என்று உலகறியக் கூறினான். 1979-லேயே கதைக்குள் வந்துவிட்டவன். பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே வாய் திறக்க விடப்பட்டான். துணிவான செயல், ஐயமில்லை. ஆனால் எழுத்தை எழுத்தாகவே எடைபோட வேண்டாமா? இருவர் மோதிக்கொள்ளும் கடும் சண்டையின் நடுவே, குத்துக்கும் உதைக்கும் இடையே, அந்த அறிவிப்பு வருகிறது. மேடைப் பேச்சுப்போல் வருகிறது. அதன்பின்? பல ஆண்டுகள், கதை அதைப்பற்றிப் பெரும்பாலும் பேசவே இல்லை. அவன் யாரைக் காதலித்தான், யாருக்காக ஏங்கினான், மாலையில் யாருடன் உணவருந்தினான்? தெரியாது. கழுத்தில் ஒரு பலகையை மாட்டினர், மாட்டியவுடன் மறந்தனர். பழைய முகமூடியைக் கழற்றிய கை, புதிய முகமூடி ஒன்றை மாட்டிவிட்டது! அவனுக்கு ஒரு மணவிழா நடப்பதற்கு 2012 வரை காத்திருக்க நேர்ந்தது.

முகம் என்றால் எப்படி இருக்கும்? ஹோவர்ட் குரூஸ் 1995-இல் வெளியிட்ட 'ஸ்டக் ரப்பர் பேபி' என்ற நெடும் படக்கதையைப் பாருங்கள். குரூஸ் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர்; கருப்பின மக்களின் உரிமைப் போர் கொழுந்துவிட்டு எரிந்த நகரமான பர்மிங்காமில் இளமையைக் கண்டவர். அந்த 1960-களின் தென்னாட்டை, கிளேபீல்டு என்ற கற்பனை நகராக்கிக் கதையை அமைத்தார். தலைமகன் டோலண்ட் போல்க் என்ற வெள்ளை இளைஞன். அவன் வீரனா? இல்லை. அஞ்சுகிறான், மழுப்புகிறான். தான் ஆணை விரும்புபவன் என்பதை உள்ளூர அறிந்தும், ஜிஞ்சர் என்ற நல்ல பெண்ணைக் காதலித்தால் 'சரியாகிவிடும்' என்று தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். அந்த ஏமாற்று அவனோடு நிற்கவில்லை, அவளையும் வாட்டுகிறது, அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையையும் பிறர் கையில் ஒப்படைக்கச் செய்கிறது. ஆசிரியர் அவனை மன்னித்து மெழுகவில்லை; தண்டித்து மகிழவுமில்லை. 'இழிவு மனிதனை எப்படிப் பொய்யனாக்குகிறது, பாருங்கள்' என்று விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறார்.

அதே நூலில் சாமி நூன் என்ற இளைஞன் வருகிறான். தன் விழைவை மறைக்காதவன்; கருப்பர் உரிமைக்காகவும் துணிந்து நிற்பவன். அவனை வெறியர்கள் கொன்று மரத்தில் தொங்கவிடுகின்றனர். கருப்பரைத் தொங்கவிட்ட அதே கயிறு! நிற வெறியும் விழைவு வெறுப்பும் இரண்டு நஞ்சல்ல, ஒரே பாம்பின் இரண்டு பற்கள் என்பதை வாதாடிச் சொல்லாமல், ஒரு மரத்தை வரைந்தே காட்டிவிட்டார் குரூஸ். 1954-இல் ஒரு நல்ல மருத்துவர் காணத் தவறியதை, 1995-இல் ஒரு படக்கதைக் கலைஞர் கண்டு தீட்டினார்.

இத்தகைய பாத்திரம் துயரக் கதையில்தான் பிறக்க வேண்டுமா? அதுவும் இல்லை. 2009-இல் கிரெக் ரக்கா எழுத, வில்லியம்ஸ் தீட்டிய பேட்வுமன் கதையில் கேட் கேன் என்ற பெண்ணைக் காண்கிறோம். வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரி மாணவி. தன்பால் விழைவோர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டால் படையில் இடமில்லை என்ற விதி நிலவிய காலம்; 2011-இல்தான் அது நீங்கிற்று. அவள்மீது குற்றச்சாட்டு எழுகிறது. 'பொய் என்று ஒரு சொல் சொல்லிவிடு. போதும்' என்று வழி காட்டப்படுகிறது. அவள் சொல்லவில்லை. ஏன்? பொய் உரைக்கலாகாது என்று அதே கல்லூரிதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது! பதவி போகிறது, சொல் நிற்கிறது. படைத்தலைவரான தந்தை, மகள் மானத்தைக் காத்தாள் என்று பெருமை கொள்கிறார். இங்கே அவளது விழைவு ஒட்டுப் போட்ட துணியாக இல்லை. அவளுடைய நேர்மையோடு ஒரே நூலில் நெய்யப்பட்டிருக்கிறது. முகமூடி அணிவதற்கு முன்பே அவளுக்கு ஒரு முகம் இருக்கிறது. ஆனால் பின்வந்த ஆசிரியர்கள் அவளுக்கு மணம் முடிக்க விரும்பியபோது பதிப்பகம் தடுத்தது. 2013-இல் அவர்கள் விலகினர். பூட்டுத் திறந்தாலும் சாவி இன்னும் யாரோ ஒருவர் இடுப்பில்தான் தொங்குகிறது என்பதற்கு அது சான்று.

சிரிப்புக்கும் இதில் இடமுண்டு. ஆர்ச்சி படக்கதைகளில் 2010-இல் கெவின் கெல்லர் என்ற மாணவனை டான் பேரண்ட் படைத்தார். செல்வச் சீமாட்டி வெரோனிக்கா அவனை வட்டமிடுகிறாள். அவனுக்கோ பெண்கள்மீது நாட்டமில்லை. இதை அறிந்த ஜக்ஹெட், அவளிடம் சொல்லாமல் வேடிக்கை பார்க்கிறான். சிரிப்பு எழுகிறது, ஆனால் யாரைப் பார்த்து? கெவினைப் பார்த்தன்று, தன்னை விரும்பாத ஆண் இல்லை என்று எண்ணும் வெரோனிக்காவின் செருக்கைப் பார்த்து! நகைச்சுவை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் ஆசிரியரின் உள்ளம் தெரிந்துவிடும். இதில் இன்னொரு வேடிக்கை: 1954-இல் முத்திரை விதியை வகுத்த பதிப்பாளர் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவர், ஆர்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ஜான் கோல்ட்வாட்டர். 2011-இல் கடைசியாக முத்திரையைக் கைவிட்டதும் அதே நிறுவனமே. அடுத்த ஆண்டு, கெவினின் மணவிழாவை அட்டையிலேயே அச்சிட்டது!

"பிள்ளைகள் கெட்டுவிடுவார்களே!" என்ற குரல் இப்போது எழும். பள்ளியில் பாடம் சொல்வோர் என்ற முறையில் இக்குரலை நாம் நன்கு அறிவோம். அதற்கு விடை, ஜப்பானில் கெங்கோரோ டகாமே 2014 முதல் 2017 வரை எழுதி வரைந்த 'என் தம்பியின் கணவர்' என்ற கதையில் இருக்கிறது. யாயிச்சி மகளைத் தனியே வளர்க்கும் தந்தை. கனடாவில் இறந்துபோன அவனது இரட்டைச் சகோதரனின் கணவர் மைக், ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறார். தாடியும் தோளும் கொண்ட பேருருவம். உள்ளே துயரம் சுமந்த மென்மை. யாயிச்சி கொடியவனல்லன், மரியாதை தெரிந்தவன். வாய் வரவேற்கிறது, மனம் சுளிக்கிறது. படக்கதைக்கே உரிய வசதியால், சொன்னதும் சொல்லாததும் அடுத்தடுத்த கட்டங்களில் நம் கண்முன் நிற்கின்றன. சிறுமி கனா மட்டும் வெளிப்படையாகக் கேட்கிறாள்: ஆணும் ஆணும் மணக்கலாமா? அங்கே முடியும், இங்கே ஏன் முடியாது? பெரியவர்கள் திணறுகிறார்கள், குழந்தைக்கோ அது கணக்கில் ஓர் ஐயம், அவ்வளவே.

அவளுடைய ஆசிரியர் தந்தையைப் பள்ளிக்கு அழைக்கிறார். இப்படியெல்லாம் பேசினால் மற்றப் பிள்ளைகள் அவளை ஒதுக்கக்கூடும் என்று கவலைப்படுகிறார். அன்று மைக்கைக் கண்டு சுளித்த அதே யாயிச்சி, இன்று மகள் பக்கமும் மைக் பக்கமும் நிற்கிறான். அப்படி எவரேனும் அவளைத் துன்புறுத்தினால், திருத்தப்பட வேண்டியவர் துன்புறுத்துவோரே என்பது அவன் நிலை. எந்தச் சொற்பொழிவும் அவனை மாற்றவில்லை. ஒரே மேசையில் உண்ட சோறும், ஒன்றாகச் சென்ற பயணமும், பகிர்ந்துகொண்ட இழவும் மாற்றின. ஆசிரியத் தொழில் புரிவோர் அனைவரும் அந்த ஒரு காட்சியையேனும் படிக்க வேண்டும் என்பது நம் விருப்பம். வகுப்பில் ஒதுங்கி உட்காரும் பிள்ளை எதற்காக ஒதுங்குகிறது என்பது எல்லா நேரத்திலும் வருகைப் பதிவேட்டில் எழுதியிராது. 'நான் ஒருவன்தான் இப்படியோ' என்று நடுங்கும் உள்ளத்துக்கு, 'இல்லை, உன்போல் ஒருவர் வாழ்ந்தார், உண்டார், சிரித்தார், நேசிக்கப்பட்டார்' என்று ஒரு கதை கூறுமானால், அது பிள்ளையைக் கெடுத்ததா, காத்ததா?

"அப்படியானால் இத்தகைய பாத்திரம் வந்த கதைகளையெல்லாம் புகழ வேண்டியதுதானா?" கூடாது! இரக்கப்பட்டுப் புகழ்வது பிச்சை. அவர்கள் கேட்பது பிச்சையன்று, உரிமை. மற்ற மாந்தரை அளக்கும் கோலாலேயே இவர்களையும் அளப்போம். விழைவைத் தவிர அவருக்கு வேறு குணம் உண்டா? டோலண்டுக்கு அச்சமும், கேட்டுக்கு நேர்மையும், மைக்குக்குத் துயரமும் இருக்கின்றனவே, அப்படி? தவறு செய்ய அவருக்கு உரிமை உண்டா? கதைமுடிவில், சாவைத் தவிர வேறொரு நாளையும் அவருக்குக் கிடைக்குமா? அந்த விழைவை எடுத்துவிட்டால் கதை குலையுமா, அன்றி ஒரு வரி மட்டும் குறையுமா? இந்தக் கேள்விகளுக்கு ஈடுகொடுக்கும் எழுத்தே நல்லெழுத்து. மற்றவை நல்லெண்ணம்; நல்லெண்ணம் வேறு, நல்லெழுத்து வேறு.

முத்திரை போயிற்று, முணுமுணுப்பு இன்னும் போகவில்லை. ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகள் பெயரே இல்லாதிருந்தவர்கள் இன்று பெயரும் முகமும் பெற்று, மலிவுத் தாளிலும் நிமிர்ந்து நிற்கின்றனர். அவர்களைத் தீட்டிய கைகளைப் பாராட்டுவோம். பலகை மட்டும் எழுதிய கைகளிடம், முகத்தையும் எழுதுங்கள் என்று கேட்போம். கேட்பது வாசகரின் உரிமை.