மை டியர் குட்டிச்சாத்தான்: ஒரு மறுபார்வை

மை டியர் குட்டிச்சாத்தான் 1984 ஆகஸ்டில் வெளிவந்த மலையாளச் சிறுவர் திரைப்படம். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ புன்னூஸ் இயக்கினார். திரைக்கதை ரகுநாத் பலேரி, ஒளிப்பதிவு அசோக்குமார், இசை இளையராஜா. தமிழிலும் ஓடிய இப்படம் தொழில்நுட்பத்துக்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அதன் கதையில் உள்ள இருள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சிறுவயதில் பார்த்தவர்கள் ஐம்பது வயதை ஒட்டி மீண்டும் பார்க்கும்போது கண்ணில் படுவது அந்த இருள்தான்.

கதை

ஒரு மந்திரவாதி புதையலுக்காகக் குட்டிச்சாத்தானைக் கட்டி அடிமையாக வைத்திருக்கிறான். கொட்டாரக்கரா ஸ்ரீதரன் நாயர் மந்திரவாதியாக நடித்தார். சாத்தான் சிறுவன் உருவில் உள்ள ஆவி. லட்சுமி என்ற சிறுமியும் அவளுடைய நண்பர்களான இரு சிறுவர்களும் அவனை விடுவித்துத் தோழனாக்கிக்கொள்கிறார்கள். லட்சுமி தாயை இழந்தவள். தந்தை குடிக்கு அடிமையானவர். இந்தப் பாத்திரத்தில் நடித்தவர் தலிப் தாஹில். சாத்தானுக்கு மதுவில் விருப்பம் அதிகம். தந்தையின் மதுவை அவன் குடித்துத் தீர்க்கிறான். இறுதியில் மந்திரவாதி அழிகிறான். சாத்தானும் குழந்தைகளோடு தங்குவதில்லை.

படத்தில் நடித்த சிறுவர்களுக்கு அவ்வாண்டின் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கூட்டாக வழங்கப்பட்டது.

பெயரும் மரபும்

தமிழ்ப் பார்வையாளர் பலர் ‘சாத்தான்’ என்றதும் விவிலியத்தில் வரும் சாத்தானை நினைக்கிறார்கள். கேரளத்தின் சாத்தன் வேறு. சாத்தன் என்பது பழந்தமிழில் மக்கட்பெயராகவும் தெய்வப்பெயராகவும் வழங்கியது. மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார். ஐயனாருக்கும் சாத்தன் என்ற பெயர் உண்டு. கல்மரத்தால் அறியப்படும் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரின் பெயரிலும் அதே ஒலி இருக்கிறது.

இப்படத்தின் கருவுக்கு மிக நெருக்கமான பழங்கதை சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் உள்ளது. மாலதி என்பவள் மாற்றாளின் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறக்கிறது. பழிக்கு அஞ்சி அவள் கோயில் கோயிலாக அலைகிறாள். இடாகினிப்பேய் அந்தப் பிணத்தை வாங்கித் தின்றுவிடுகிறது. பாசண்டச் சாத்தன் என்ற தெய்வம் அவளுக்கு இரங்கித் தானே அந்தக் குழந்தையாகி வளர்கிறது. பின்னர் தேவந்தியை மணந்து வாழ்ந்து, ஒருநாள் விட்டு நீங்குகிறது. துயரத்தில் உள்ளவர்களிடம் பிள்ளை வடிவில் வந்து, துயர் தீர்த்து, பிரிந்து செல்லும் சாத்தன் தமிழுக்குப் புதியவன் அல்லன்.

கட்டும் மந்திரவாதியும் புதியவன் அல்லன். பெரம்பலூருக்குத் தெற்கே உள்ள சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலின் தலக்கதையில், ஒரு மந்திரவாதி தன் மந்திரத்தால் செல்லியம்மனையே கட்டி ஏவல் செய்ய வைக்கிறான். அங்கு வந்து தங்கிய மதுரகாளி அவனை அழித்துச் செல்லியம்மனை விடுவிக்கிறாள். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் அக்கோயிலுக்குப் பாட்டியோடு சென்று இக்கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இப்படத்தின் மந்திரவாதி அந்நியனாகத் தோன்ற மாட்டான். பெரிய சக்தியைச் சிறிய பேராசை கட்டிவைக்கும் என்பது இரண்டுக்கும் பொதுவான அச்சம்.

கண்ணாடியோடு பார்த்த படம்

முப்பரிமாணப் படத்துக்குத் தனி லென்சும் வெள்ளித் திரையும் பார்வையாளருக்குத் தனிக் கண்ணாடியும் தேவை. எல்லாக் கொட்டகைகளிலும் இவை இருக்கவில்லை. பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தன. சிற்றூர்களின் டூரிங் டாக்கீஸ்களை நம்பியிருந்தவர்களுக்கு இத்தகைய படம் பார்ப்பது ஒரு பயணமாகவே இருந்திருக்கும். பொருள்கள் திரையை விட்டு முகத்துக்கு நேரே வந்ததே அன்றைய பேச்சு.

குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாடல்காட்சி இன்றும் வியக்கவைக்கிறது. கணினி வரைகலை இல்லாத காலம் அது. அறை முழுவதையும் சுழலும் அரங்காக அமைத்து, கேமராவை அதனோடு பொருத்தி எடுத்தார்கள். 1951-ல் ‘ராயல் வெட்டிங்’ படத்தில் பிரெட் அஸ்டேர் கூரையில் ஆடிய காட்சிக்குப் பயன்பட்ட உத்தியே இது. ஒருவருக்குப் பதிலாகக் குழந்தைகள் கூட்டமாக நடப்பது இங்குள்ள புதுமை.

கண்ணாடி இல்லாமல் பார்க்கும் படம்

இன்று பெரும்பாலோர் இப்படத்தைத் தட்டைத் திரையில்தான் பார்க்கிறார்கள். அப்போது கேமராவை நோக்கி நீட்டப்படும் பொருள்கள் காரணமின்றி நீள்வதுபோல் தோன்றுகின்றன. ஆனால் லட்சுமியின் வீட்டுக் காட்சிகளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. ‘உதிரிப்பூக்கள்’ படத்தில் குடும்பத்துக்குள் நிகழும் கொடுமையை ஆரவாரமின்றிப் பதிவுசெய்தவர் அசோக்குமார். இங்கும் வித்தைகளுக்கு இடையே ஒரு சிறுமியின் தனிமைக்கு அவர் இடம் விடுகிறார்.

சிறுவயதில் அச்சம் தந்தவன் மந்திரவாதி. பெரியவரான பின் அச்சம் தருபவர் தந்தை. மந்திரவாதி கெட்டவன் என்பதால் அவனை வெறுக்கலாம், அழிக்கலாம். தந்தை கெட்டவர் அல்லர். மனைவியை இழந்தவர். மகள் மீது அன்பு உள்ளவர். அவரை வெறுக்கவும் முடியாமல் நம்பவும் முடியாமல் ஒரு குழந்தை வாழ்கிறது. மந்திரவாதியிடம் சாத்தான் கட்டுண்டதுபோல் லட்சுமி வீட்டோடு கட்டுண்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், அவர்கள் மேல் அதிகாரம் கொண்ட இரண்டு பெரியவர்கள் என்பதே படத்தின் உள்கட்டு.

அதே 1984-ல் ஐரோப்பாவில் வுல்ப்காங் பீட்டர்சன் இயக்கிய ‘நெவர் எண்டிங் ஸ்டோரி’ வந்தது. அதன் சிறுவனும் தாயை இழந்தவன். தந்தையோடு மனம்விட்டுப் பேச முடியாதவன். அவன் ஒரு புத்தகத்துக்குள் அடைக்கலம் புகுகிறான். லட்சுமிக்கு அந்த வழி இல்லை. அவளுடைய மாய உலகம் தந்தையின் மதுப்புட்டி இருக்கும் வீட்டுக்குள்ளேயே வந்து தங்க வேண்டியிருக்கிறது.

குறைகள்

படத்தின் முதன்மையான சிக்கல் மதுவை அது நகைச்சுவையாக்குவது. சிறுவன் உருவில் உள்ளவன் புட்டி புட்டியாகக் குடிப்பதைப் பார்த்து அரங்கம் சிரிக்கிறது. குடியின் துயரைச் சொல்லும் படமே குடியை வேடிக்கையாகவும் காட்டுகிறது. சிறுவர் படத்தில் இது பொறுப்பற்றது என்ற விமர்சனம் நியாயமானது.

இரண்டாவது, தந்தையின் மாற்றத்துக்கு அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உழைப்பைச் சாத்தானும் குழந்தைகளும் ஏற்கிறார்கள். குடிநோயைப் பற்றிய புரிதல் என்ற வகையில் இது பொய். ஆனால் குடிப்பவர் வீட்டில் வாழும் குழந்தையின் ஆசை என்ற வகையில் இதைவிட உண்மை இல்லை. யாராவது வந்து அந்த மதுவையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட மாட்டார்களா என்பதே அந்த ஆசை. வகுப்பில் வாய்விட்டுச் சொல்லாத அதை இப்படம் குழந்தைக்குப் புரியும் வடிவில் சொல்லிவிட்டது.

பிந்தைய வடிவங்கள்

1998-ல் ஊர்மிளா மடோண்ட்கர் நடித்த காட்சிகளுடன் இந்தியில் ‘சோட்டா சேத்தன்’ என்றும், 2010-ல் பிரகாஷ் ராஜ் நடித்த காட்சிகளுடன் தமிழில் ‘சுட்டி சாத்தான்’ என்றும் மீண்டும் வந்தது. புதிதாகச் சேர்ந்தவை பழையவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்கின்றன. வேறொரு மாற்றம் படத்துக்கு வெளியே நிகழ்ந்திருந்தது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது 1983-ல். மதுவின் சில்லறை விற்பனையை அது ஏற்றது 2003-ல். முதல் வடிவத்தைப் பார்த்த பிள்ளைகள் 2010-ல் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, திரையரங்குக்குப் போகும் வழியிலேயே மதுக்கடை இருந்தது. படத்தில் பழையதாகாத பகுதி அதுதான்.

ஜிஜோவின் கதையைத் தழுவி மோகன்லால் இயக்கி 2024 டிசம்பரில் வெளிவந்த ‘பரோஸ்’ படத்திலும் புதையலும் அதைக் காக்கும் பூதமும் ஒரு சிறுமியும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே மூன்று பொருள்கள் அவரை விடவில்லை.

மதிப்பீடு

குழந்தைகளுக்கான கதையில் இருள் கூடாது என்ற கருத்து உண்டு. பேய் தின்ற குழந்தையின் கதையைச் சிலப்பதிகாரம் மறைக்கவில்லை. மந்திரவாதியிடம் கட்டுண்ட அம்மனின் கதையைப் பாட்டிகள் மறைக்கவில்லை. இருளைக் காட்டுவதில் தவறில்லை, அதில் குழந்தையைத் தனியே விட்டுவிடுவதே தவறு. மை டியர் குட்டிச்சாத்தான் குறைகள் உள்ள படம். ஆயினும் அது லட்சுமியைத் தனியே விடவில்லை. துணையாக ஒருவனை அனுப்பியது. அவன் போன பிறகு அந்த இடத்தில் யார் இருக்க வேண்டும் என்ற கேள்வி, இன்று பெரியவர்களாகிவிட்ட அதன் பழைய பார்வையாளர்களுக்கு உரியது.