ஒப்புவித்தலும் காட்டிக்கொடுத்தலும்

இலத்தீன் மொழியில் ‘திராதேரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘அப்பால்’ எனப் பொருள்படும் ‘திரான்ஸ்’, ‘கொடு’ எனப் பொருள்படும் ‘தாரே’ ஆகிய இரண்டும் இணைந்து பிறந்தது. தன் கையிலிருப்பதைப் பிறர் கையில் கொடுத்துவிடுதல் என்பதே அதன் பொருள். அக்கொடுத்தல் நன்மையோ தீமையோ என்பதை வாக்கியமே உணர்த்தும்.

மரபைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘டிரடிஷன்’, இராஜதுரோகத்தைக் குறிக்கும் ‘டிரீசன்’ ஆகிய இரண்டும் இவ்வினையினின்று வந்த ஒரே பெயர்ச்சொல்லின் வழித்தோன்றல்கள். முன்னது கற்றோரின் ஏட்டுவழியும், பின்னது பழைய பிரெஞ்சு மக்களின் வாய்வழியும் வந்தன. வாணிபத்தைக் குறிக்கும் ‘டிரேட்’ என்பதையும் இக்குடும்பத்தில் சேர்த்துப் பிரசங்கிப்போர் உளர். அது ஜெர்மானிய மூலத்தைச் சார்ந்தது, இதற்கு உறவன்று.

இச்சொல் திருச்சபையையே பிளந்ததுண்டு. 303ஆம் ஆண்டு தியோக்கிலேத்தியன் பேரரசன் வேதப் பிரதிகளை எரிக்கக் கட்டளையிட்டான். வட ஆப்பிரிக்காவில் அவற்றை அதிகாரிகளிடம் கொடுத்த குருமார் ‘திராதித்தோரேஸ்’, அதாவது கொடுத்துவிட்டவர்கள், எனப்பட்டனர். அத்தகையோரின் அபிஷேகம் செல்லாது என்றனர் தோனாத்துவினர். அபிஷேகம் பெற்றவர் தகுதியுடையவராயின் அது செல்லும் என்றது 314இல் கூடிய ஆர்ல் சங்கம். பிளவோ நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது.

நமக்கு முக்கியமானது 1 கொரிந்தியர் 11:23. பவுல் தாம் பெற்றதைச் சபைக்குக் கொடுத்ததாகச் சொல்வதும், கர்த்தர் அந்த இராத்திரியில் கொடுக்கப்பட்டதாகச் சொல்வதும் கிரேக்கத்தில் ஒரே வினை. வுல்காத்தாவும் இரண்டிடத்திலும் ‘திராதேரே’யை ஆண்டு அவ்வொருமையைக் காத்தது. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்போ முன்னதை ‘ஒப்புவித்தல்’ என்றும், பின்னதைக் ‘காட்டிக்கொடுத்தல்’ என்றும் பிரித்துவிட்டது.

யூதாசைக் குறிக்குமிடத்தில் ‘காட்டிக்கொடுத்தல்’ பொருத்தமே. தமிழர் செவிக்கு அதைவிடக் கூர்மையான சொல் இல்லை. ஆனால் பவுல் இவ்வசனத்தில் யூதாசின் பெயரைச் சொல்லவேயில்லை. ரோமர் 8:32இல் பிதா குமாரனைக் கொடுத்தார் என்கையிலும், கலாத்தியர் 2:20இல் குமாரன் தம்மைத்தாமே கொடுத்தார் என்கையிலும் அவர் அதே வினையைத்தான் ஆளுகிறார். அவ்விரண்டிடத்திலும் நம் மொழிபெயர்ப்பாளர் ‘ஒப்புக்கொடுத்தல்’ என்றே எழுதினர். திருவிருந்து வசனத்தில் மட்டும் ஏன் கைவிட்டனர்? சுவிசேஷங்களின் நினைவு அவர்கள் கையை இழுத்திருக்கக்கூடும்.

இதன் விளைவு சிறிதன்று. பந்தியருகே நிற்கும் சபையார் அவ்வசனத்தில் ஒரு சீஷனின் துரோகத்தை மட்டுமே கேட்கின்றனர். பிதாவின் ஈகை செவிக்கு எட்டுவதில்லை. ‘ஒப்புக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே’ என்று வாசித்தால் யூதாசும் உள்ளடங்குவான், பிதாவும் மறைக்கப்படார். பவுல் சபைக்கு ஒப்புவித்ததும் ஒப்புக்கொடுக்கப்பட்டவரையே என்பது சொல்லிலேயே விளங்கும். திருவிருந்து ஆராதனை முறையைத் திருத்துவோர் இவ்வொரு சொல்லையாவது மறுபடியும் ஆராய வேண்டும்.