காத்திருக்கத் தெரிந்த நிறுவனம்

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தியைத் திரையில் படித்துப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும் காட்சிகளோடு தொடங்குகிறது 'தி ஹண்டிங் கிரவுண்ட்'. கிர்பி டிக் இயக்கி 2015இல் வெளியான இந்த ஆவணப்படம், அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கும் பாலியல் வன்முறையைப் பற்றியது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக வந்து பேசுவதைக் கேட்டு முதல்முறை உடைந்துபோனேன். அண்மையில் மறுபடி பார்த்தபோது, இது சட்டத்தைப் பற்றிய படம் என்று தோன்றியது. அதன் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன.

படத்தின் மையத்தில் இருப்பவர்கள் ஆனி கிளார்க், ஆண்ட்ரியா பினோ. இருவரும் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழக மாணவிகள். தனக்கு நேர்ந்ததை நிர்வாகத்தில் ஒருவரிடம் சொன்னபோது, அவர் வன்புணர்வை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தோடு ஒப்பிட்டு, திரும்பிப் பார்த்தால் எதை வேறுவிதமாகச் செய்திருப்பாய் என்று கேட்டதாகக் கிளார்க் சொல்கிறார். குற்றவாளியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. விசாரணை அவள்மீதே தொடங்கிவிடுகிறது. ஊர் மாறினாலும் நமக்குப் பழக்கமான குரல்தான்.

இந்தக் கேள்வியை நிறுவனத்தின் பக்கம் திருப்பியதுதான் இவ்விருவரும் செய்த காரியம். அதற்கு அவர்கள் கையில் எடுத்தது 1972ஆம் ஆண்டின் 'டைட்டில் நைன்' சட்டம். ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட அதன் முதன்மை வாசகம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. பெண்களுக்கும் விளையாட்டில் இடம் பெற்றுத்தந்த சட்டமாகவே பலர் அதை அறிந்திருந்தார்கள். பாலியல் வன்முறை ஒரு பெண்ணைப் படிப்பிலிருந்து விரட்டுகிறது. அதைக் கண்டும் வாளாவிருக்கும் நிறுவனம் பாகுபாடு காட்டுகிறது என்பதே இயக்கத்தின் வாதம்.

நீதிமன்றம் போய் இழப்பீடு கேட்பது கடினம். நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது, தெரிந்தும் வேண்டுமென்றே அலட்சியம் காட்டியது என்று நிரூபிக்க வேண்டும் என 1998, 1999ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வாசலைக் குறுக்கிவிட்டன. கல்வித்துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குப் புகார் எழுத வழக்கறிஞரும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். 2013 ஜனவரியில் இருவரும் வேறு சிலரும் சேர்ந்து அந்தப் புகாரைக் கொடுத்தார்கள். பிறகு மற்ற வளாகங்களின் பெண்களுக்கும் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். 2014 மே மாதம், விசாரணையில் இருக்கும் 55 உயர்கல்வி நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிட வேண்டிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சட்டத்தைப் படித்து, ஒருவருக்கொருவர் ஆசிரியராவதைக் காட்டும் பகுதிகளே படத்தின் சிறந்த பகுதிகள்.

ஆனால், புகார் கொடுத்ததையே வெற்றியாகக் கொண்டாடிவிடுகிறது படம். இங்கேதான் எனக்கு அதனுடன் சண்டை.

இந்தச் சட்டத்தைப் பாலியல் தொந்தரவுக்கு எதிராக முதலில் பயன்படுத்தியது 1977இல் யேல் பல்கலைக்கழக மாணவிகள் தொடுத்த வழக்கு. பின்னாளில் புகழ்பெற்ற பெண்ணியச் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் அதற்கு ஆலோசனை தந்தார். 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று: மாணவிகள் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள். இன்னொன்று: யேல் அதற்குள் ஒரு புகார் நடைமுறையை ஏற்படுத்திவிட்டது. வழக்கு தோற்றது, வழக்கு கேட்ட நடைமுறை வந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் பாடம் படிக்க வேண்டும். மாணவி நான்கு ஆண்டுகள் இருப்பாள். நிறுவனம் என்றும் இருக்கும். காத்திருப்பதே அதன் மிகப் பெரிய ஆயுதம்.

படம் வெளிவந்த பின் நடந்தவை இதைத்தான் சொல்கின்றன. வளாகங்களின் கடமையை வலியுறுத்திய 2011ஆம் ஆண்டின் வழிகாட்டுதலை 2017இல் புதிய அரசு திரும்பப் பெற்றது. சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் புகார் நடைமுறை சட்டத்தை மீறியது என்ற முடிவு 2018இல்தான் வந்தது, புகார் கொடுத்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு. 2020இல் வந்த விதிகள், புகார் தருபவரைக் கல்லூரி விசாரணையிலேயே நேரடிக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தின. 2024இல் அவை மாற்றப்பட்டன. 2025 ஜனவரியில் ஒரு நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்ய, பழைய விதிகளே திரும்பின.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லும் உரிமைக்குப் படத்தில் இடம் மிகக் குறைவு. படத்தில் வரும் ஒரு வழக்கின் சித்திரிப்பை எதிர்த்து ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் 19 பேர் 2015இல் அறிக்கை விட்டார்கள். அவர்களில் பெண்ணியச் சட்ட அறிஞர்களும் உண்டு. இதைத் துரோகம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அரைகுறை விசாரணையில் கிடைத்த தீர்ப்பு நிலைக்காது. 2020இன் விதிகளும் நியாயமான விசாரணை என்ற பெயரில்தானே வந்தன? அந்தச் சொல்லை நாமே எதிர்த்தரப்பிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இந்தப் படத்தை இங்கே இருந்து பார்க்கும் நமக்கும் அதே கருவி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மாணவர் தொடர்பான புகார் என்றால் உள்ளகப் புகார்க் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். விதியை மீறும் நிறுவனத்தின் மானியத்தை நிறுத்தவும் முடியும். நம் கல்லூரிகளில் எத்தனை மாணவிகளுக்கு இது தெரியும்? தேர்தலே நடக்காத கல்லூரியில் மாணவர் பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது?

குற்றவாளிக்குத் தண்டனை என்று தெருவில் முழங்குகிறோம், முழங்கத்தான் வேண்டும். அவள் சொன்ன அன்று நிர்வாகம் என்ன செய்தது என்ற கேள்வி அதோடு அமுங்கிவிடக் கூடாது. ஆகவே குறைகளோடும் இந்தப் படத்தை நம் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டலாம். முடிந்ததும் விளக்கைப் போட்டு, நம் கல்லூரியின் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். இறுதியாண்டு மாணவி தனக்குத் தெரிந்த சட்டத்தை முதலாண்டு மாணவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால், நிறுவனத்தின் காத்திருப்பு அத்தனை எளிதாகப் பலிக்காது.